தலைப்புப் பட்டை

சிதம்பரம் சாலையில், குடிகாடு தாண்டி,
எடைமேடை அறைக்கு இரண்டு ஜன்னல்.
சுவரில் உள்ளதில் லாரி தெரியும்.
மற்றது கணினியில்,
அதற்குள் இன்னும் நாலைந்து.

வெற்று எடைக்கு ஒன்று, சரக்கு எடைக்கு ஒன்று.
இரண்டும் ஒரே சாம்பல், இரட்டைப் பிள்ளைகள்.
போன மாசியில் பதினெட்டு டன் மரக்காணத்து உப்பை
வெற்று லாரியின் கட்டத்தில் தட்டிவிட்டேன்.
ஜபருல்லா பாய் ஒரு வார்த்தை திட்டவில்லை.
சம்பளக் கவரை எண்ணும்போதுதான்
திட்டியிருந்தது தெரிந்தது.

லாரி வராத ஒரு மதியம்
அமைப்புகளுக்குள் போனேன்.
தோற்றம். அதற்குள் சாளர அலங்காரம்.
யார் வைத்த பெயரோ!
சாமிக்குச் சந்தனக்காப்பு இடுகிறவள் மாதிரி
நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தலைப்பு என்றால் எனக்குச் சேலைதான்.
உடல் ஒரு நிறம், தலைப்பு ஒரு நிறம்.
அப்படியே உடுத்திவிட்டேன்:
தொட்டிருக்கும் ஜன்னலுக்குப் பச்சை,
பின்னால் நிற்பதற்குச் சிவப்பு.
எழுத்து தடிமன், பட்டை இருபத்தாறு புள்ளி உயரம்.
மூடும் பொத்தானை இடக்கோடிக்குத் தள்ளினேன்.
வலக்கோடியில்தான்
அசந்த நேரத்தில் என் கை போய் விழும்.

மறுநாள் எட்டு மணிக்கு வந்தால்
எல்லாம் மறுபடி சாம்பல்.

இரவு ஷிப்ட் பாவாடைராயன்.
ஏழு மாதமாய் ஒரே நாற்காலி, ஒரே கீபோர்டு,
ஆளை நான் பார்த்ததில்லை.
ஏழரைக்குச் சாவியைப் பாயிடம் கொடுத்துவிட்டுப் போவார்,
எட்டுக்கு நான் வாங்குவேன்.
ஜன்னல் கட்டையில் கிள்ளிப் போட்ட வெற்றிலைக் காம்பு,
என் கால் தரைக்கு எட்டாத அளவு ஏற்றிவைத்த நாற்காலி,
இவ்வளவுதான் எனக்கு அவர்.

பச்சை போட்டேன். சாம்பல்.
கிளிப்பச்சை போட்டேன். சாம்பல்.
மூன்றாம் நாள் பட்டையையே ஒளித்துவிட்டார்.
காதறுந்த சட்டி போல ஜன்னல்கள்,
பிடித்து நகர்த்த ஓரிடம் இல்லை.
அன்று முழுக்க எலியை மேசையில் குத்திக் குத்தி
வேலை பார்த்தேன்.
நானும் விடவில்லை. பச்சையை முப்பது புள்ளிக்கு ஏற்றிவிட்டுப் போனேன்.

சனிக்கிழமை கீபோர்டுக்கு அடியில்
எடைச்சீட்டின் பின்பக்கம்:

*அம்மா, பச்சையும் சிவப்பும் எனக்கு ஒரே செம்மண்.
புள்ளிப் படத்தில் இருந்த எண்ணைச் சொல்லத் தெரியாமல்
லைசென்ஸ் போச்சு. ஓட்டவேண்டிய லாரியை
எடை போட்டுக்கொண்டிருக்கிறேன்.
சாம்பலாக இருந்தால் எழுத்தைப் படிக்கிறேன்.
நிறம் இருந்தால் அதை நம்பிவிடுகிறேன்.
செவ்வாய் ராத்திரி ரெண்டு வண்டி தப்பாப் போச்சு.
பாய்க்கு இன்னும் தெரியாது.*

வெளியே அரியலூர் சிமெண்ட் வண்டி
ஹாரனை விடாமல் அடித்தது.
இன்னொரு முறை படித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அந்த இரண்டு வண்டியையும் தேடித் திருத்தினேன்.
சாயங்காலம் இன்னொரு சீட்டின் முதுகில் கேட்டேன்:
நீலம் தெரியுமா?

*தேவனாம்பட்டினத்துக்காரன்மா.
நீலம் தெரியாமலா?*

இப்போது தொட்ட ஜன்னலுக்கு அடர்நீலம், உயரப் பட்டை.
பின்னால் நிற்பதற்கு வெளிர்மஞ்சள், மெலிசாய்,
ஒரு விரல் நகத்தளவு.
நிறம் ஏமாற்றினாலும் கனம் ஏமாற்றாது.
எடைமேடைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரவேண்டியதில்லை,
ஆனாலும் எங்களுக்கு மூன்று வாரம் ஆனது.

மூடும் பொத்தானை மட்டும்
ராத்திரியில் அவர் வலப்பக்கம் கொண்டுபோகிறார்.
காலையில் நான் இடப்பக்கம் இழுத்துவருகிறேன்.
இதைப் பற்றி இருவரும்
சீட்டு எழுதிக்கொள்வதில்லை.

அப்புறம் நாற்காலியை இறக்குகிறேன்.