நெற்றி வார்

மூணு மணிக்கு விளக்கை நெற்றியில் கட்டும்போதே
தெரிஞ்சுபோகும், இன்றைக்கு உண்டு.
வலது பொட்டில் முதலில் ஒரு விரல்,
பிறகு கை,
ஏழாம் வரிசை மரம் எத்தும் முன்னே
முழு ஆளும் உள்ளே ஏறி இருந்தாச்சு.

பதினோரு வருஷம்.
குலசேகரம் முழுக்கத் தெரியும் எனக்க தலைவலி.
மெடிக்கல்காரன் நான் படி ஏறுகையிலேயே
அட்டையைக் கிழிக்கத் தொடங்குவான்.
சுக்குப் பற்று, நசியம், வர்ம ஆசானின் தடவல்,
கம்மல் அடகில் எடுத்த ஸ்கேன்.
"ஒண்ணும் இல்லை" என்றார்கள், சிரித்துக்கொண்டு.
ஒண்ணும் இல்லாததுக்கா நான்
சிரட்டைகளுக்கு நடுவே குனிந்து
வாந்தியெடுத்தது?

ஆசாரிப்பள்ளத்தில் எழுதித் தந்த அறை
மனநலப் பிரிவு.
"கிறுக்கு டாக்டரா?" என்றார் வீட்டுக்காரர்.
பஸ்ஸில் அந்தச் சீட்டை மடித்து மடித்து
தீப்பெட்டி அளவாக்கி வைத்திருந்தேன்.

ஷஹிதா என்று பெயர், திருவிதாங்கோட்டுக்காரி,
என்னைவிடப் பதினைந்து வயது இளையவள்.
பால் வெட்டுவது எப்படி என்று கேட்டாள்.
காட்டச் சொன்னாள், அவளுக்க பேனாதான் கத்தி.
சுவரில் இல்லாத மரத்தை நான் சரித்து இழுக்க
"அக்கா, பல்லைக் கடிக்கிறீங்க" என்றாள்.

முந்நூற்றி நாற்பது மரம்.
மரத்துக்கு ஒரு கடி.
பதினோரு வருஷத்தால் பெருக்க
எனக்குக் கணக்குப் போதாது.

"வலி நெசந்தான் அக்கா."
இதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.
மேசைத் துணியில் மூக்கைத் துடைத்துவிட்டேன்,
பிறகுதான் கவனித்தேன்.

ஷீட் கணக்கு நோட்டில் ஒரு கோடு கூடுதலாகக் கிழித்தோம்.
ஷீட் எத்தனை, ஒட்டுப்பால் எத்தனை கிலோ,
பக்கத்தில் வலி எத்தனை, பூஜ்யம் முதல் பத்து.
மழை விழுந்து வெட்டு முடங்கின நாள் எட்டு.
மகனுக்க பீஸ் கட்டவேண்டிய திங்கள் ஒன்பது.
கன்வென்ஷன் மைக் செட் விடிய விடிய அலறின ராத்திரி
மூணு. இது எப்படி என்று இன்றும் தெரியாது.
மாத்திரை தின்ற நாளின் மறுநாள்
ஏழு, ஏழு, ஏழு.

ஒரு பழைய மெஷின் இருந்தது.
அதன் கம்பியை ஒட்டுகிற இடம்
நான் விளக்குக் கட்டுகிற அதே இடமாக்கும்.
சதை முறுகினால் கூவும், இளகினால் தணியும்.
"பைய விடுங்க. தோள். நாக்கு. தாடை. பைய."
முதல் வாரம் அது கோழிக்கூடு மாதிரிக் கத்தியது.
ஆறாம் வாரம் ஒரு முழு நிமிஷம் மிண்டாமல் இருந்தது,
நான் சிரித்ததும் மறுபடி கூவியது.

"வந்துட்டா அவ்வளவுதான்" என்று
எனக்குள் ஒருத்தி எப்போதும் சொல்வாள்.
அவளிடம் ஷஹிதா நேராகவே கேட்டாள்,
"போன செவ்வாய் வந்துச்சே, அவ்வளவுதான் ஆச்சா?"
யோசித்துப் பார்த்தேன்.
போன செவ்வாய் பால் உறைய வைத்தேன்,
நெத்தோலி வாங்கிக் குழம்பு வைத்தேன்,
குழம்பில் உப்புக் கூடுதல்.
அவ்வளவுதான்.

இப்போது வெட்டும் முன் வாயைக் கொஞ்சம் திறந்துகொள்கிறேன்.
பக்கத்துப் பிளாக் செல்வதாசன்
தன் விளக்கை என் முகத்தில் அடித்துக் கேட்டான்,
"என்ன ஸ்டெல்லாபாய், மரத்துகூடப் பேச்சா?"
ஆமா என்றேன். விளக்கிச் சொல்ல
அந்நேரத்தில் ஆருக்கு நேரம்?

போகவில்லை, கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்.
வாரத்தில் ஐந்து நாள் என்பது இரண்டாச்சு,
சில வாரம் மூணு.
மெடிக்கல்காரன் கையில் அட்டையோடு
கொஞ்சம் முழிக்கிறான்.

இன்று ஷீட் பதிமூணு, வலி நாலு.
வெளுத்தாச்சு. விளக்கைக் கழற்றுகிறேன்.
வாரை ஒரு கண்ணி இளக்கித்தான் கட்டியிருந்தேன்,
ஆனாலும் தடம் இருக்கும்,
வெள்ளம் ஒழித்துக் கழுவுகிறவரை.