புழு போன வழி

குத்தாயிசியில் இன்று மூன்று முறை மின்சாரம் போனது.
மூன்றாம் முறை நான் மெழுகுவத்தி தேடவில்லை.
கைவிளக்கை மேஜையில் படுக்கவைத்து
ஏட்டின் மேல் ஒளியைச் சாய்த்தேன்.
ஆட்டுத்தோலின் மேடுபள்ளமெல்லாம்
சாயங்கால மலைச்சரிவு போல எழுந்து நின்றன.

நாற்பத்தாறில் ஒரு துளை.
எள் நுழையும் அளவு.
நாற்பத்தெட்டில் அதே துளை, அதே இடம்,
கடைசி வரிக்குக் கீழே மூன்று விரல் தள்ளி.
நாற்பத்தேழில்
ஒன்றுமில்லை.

புழு தாண்டிக் குதிக்காது.
பசித்த புழு
நடுவில் ஓர் ஏட்டை மட்டும்
மரியாதைக்காக விட்டுவைக்காது.

பத்தொன்பது வருடம்.
இந்த ஏட்டால்தான் என் முனைவர் பட்டம்,
இந்த அறை, சத்தம் போடும் இந்தச் சுழல்நாற்காலி,
கதவில் ‘மக்வாலா குர்ச்சியானி’ என்ற பித்தளை எழுத்து.
ஆற்றுக்கு மேற்கே உள்ள புல்வெளி முழுதும்
நகாரி ஊருக்கே உரியது,
சந்திர சூரியர் உள்ளவரை என்று
ஓர் அரசியின் பெயரால் எழுதியிருக்கிறது.
பன்னிரண்டாம் நூற்றாண்டு என்றேன் நான்.
வியன்னாவில் சொன்னேன், கைதட்டினார்கள்.
நகாரியில் சொன்னேன், காளை வெட்டி விருந்து வைத்தார்கள்.
அக்கரை முஜாலியில்
குடிக்கத் தண்ணீர்கூட யாரும் தரவில்லை.
கல் மனிதர்கள் என்று
அன்றைய நாட்குறிப்பில் எழுதினேன்.

மறுபடி பார்க்கிறேன்.
தோல் பழசு, அதில் பொய்யில்லை:
வேறொரு நூலின் கடைசி வெற்றேட்டை
உருவி எடுத்திருக்கிறான்.
மை, கருவாலிக் காயை ஊறவைத்த அதே மை.
எழுத்துகளின் சாய்வு, நெருக்கம், மூச்சு விடும் இடம்
எல்லாம் படித்துப் பழகியிருக்கிறான்.
பதினோராம் வரியில்
ஓர் எழுத்தின் வாலில் மட்டும் அவசரம்.
யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள்.
அல்லது விளக்கில் எண்ணெய் தீர்ந்திருக்கிறது.

கெட்டிக்காரன்.
இத்தனையும் பார்த்தவன் கண்ணில்
அந்த எள் படவில்லை.

என் மேல்கோட்டின் மடிப்பில் ஓர் ஊசி இருக்கிறது,
பொத்தான் அறுந்த நாளிலிருந்து.
எடுத்தேன்.
கடைசி வரிக்குக் கீழே, மூன்று விரல்.
குத்தக்கூடாது, சுழற்றவேண்டும்,
அப்போதுதான் விளிம்பு வட்டமாக வரும்.
கொஞ்சம் தேநீர் தொட்டால் பழுப்பேறும்.
இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?
அடுத்தவர் பொய்களைக் கண்டுபிடிக்கத்தானே படித்தேன்.

எள்ளளவு.
முந்நூறு வருடம் கழித்து
அவன் விட்ட இடத்திலிருந்து
வேலையை முடிக்க ஓர் ஆள்.

மின்சாரம் வந்தது. மூலையில் இயந்திரம் முனகியது.
வெளிச்சத்தில் ஊசி பிடித்த என் கை
திருடன் கை போல இல்லை.
அதுதான் பயமாக இருந்தது.
தினமும் குறிப்பெடுக்கிற கை போலவே இருந்தது.

நகாரிக் கோயிலின் சாவியை வைத்திருக்கும்
பைமுர்ஸாவுக்கு ஃபோன் செய்தேன்.
சொன்னேன்.
கம்பியில் வெகுநேரம் பனி இரைந்தது.
‘பொய்யா?’
‘எழுதியது பொய். தோல் பழசு.’
‘எழுதியவன் எங்கள் ஊர்க்காரனா?’
‘இருக்கலாம்.’
‘அந்த வருடம் புல் முளைத்திருக்காது’ என்றான்.
யாரையோ மன்னிப்பது போலவும் இல்லை,
வானிலை சொல்வது போல.
பிறகு, ‘முஜாலிக்காரர்களிடம்
நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லவா?’

அவன் பக்கம் ஒரு மாடு கத்தியது.
எந்தக் கரை மாடு என்று தெரியவில்லை.

நானே வருகிறேன் என்றேன்.
மலைப்பாதை திறக்கப் பங்குனி ஆகும் என்றான்.
வைத்துவிட்டான்.

அந்த ஊசியால்
பொத்தானைத் தைத்தேன், கோணலாகத்தான் வந்தது.
பட்டியலைத் திறந்து
நாற்பத்தேழுக்கு எதிரே,
பத்தொன்பது வருடம் வெறுமையாய் இருந்த கட்டத்தில்
எழுதினேன்:
துளை இல்லை.