எடை திரும்பும் படி

நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து விழவில்லை நான்.
அதைச் சொன்னால் கேட்பவர்களுக்குச் சிறு ஏமாற்றம்.
ஏணியின் கடைசி மூன்று படிகள்,
பிப்ரவரி, பனிக்கட்டி, கையில் காலி ஃபிளாஸ்க்.
கிளைபேடா துறைமுகத்தில் பத்தொன்பது வருடம்
கப்பலிலிருந்து கன்டெய்னர்களை இறக்கியவள்
என்னை இறக்கத் தெரியாமல் போனேன்.

இடுப்பில் இரண்டு தகடு, ஒன்பது திருகாணி.

ஏழாம் வாரம்
குளத்தின் ஓரத்தில் ஒரு நீல நாற்காலி.
அதைத் தூக்கி நீரில் விட ஓர் இரும்புக் கை,
ஒரு மோட்டார், இரண்டு பொத்தான்.
என்ன பெயர் வைத்தாலும்
கிரேன்தான் அது.
வைடோதஸ் பொத்தானை அழுத்தினான்.
நாற்காலி வெட்டி வெட்டி இறங்கியது,
நான் சரக்காக ஊசலாடினேன்.
"உள்ளே கண்ணாடிச் சாமான் இருந்திருந்தால்?" என்றேன்.
அவன் காது சிவந்தது.
அன்றே பேசி முடித்தோம்:
சைகை என்னுடையது, பொத்தான் அவனுடையது.
சுட்டுவிரல் கீழே பார்த்து வட்டமிட்டால் இறக்கு.
உள்ளங்கை கவிழ்ந்தால் நிறுத்து.

நீர் முப்பத்து நான்கு டிகிரி.
கழுத்து வரை முங்கியதும்
உடம்பு காணாமல் போனது.

என் கேபினில் ஒரு திரை உண்டு,
கொக்கியில் தொங்கும் எடையைச் சிவப்பு எண்ணில் காட்டும்.
இங்கே திரை இல்லை. கணக்கு நானே போட்டேன்:
வெளியே அறுபத்து நான்கு கிலோ டாங்குவோலே,
இடுப்பளவு நீரில் பாதி,
மார்பளவில் இருபது,
கழுத்தளவில் ஆறே ஆறு.
ஆறு கிலோ! ஒரு தர்பூசணி.
எல்லோரும் இந்த இடத்தில் சிரிப்பார்களாம்.
நான் பயந்தேன்.
காலிக் கொக்கிதான் காற்றில் அலையும்,
சுமை ஏறினால்தான் கம்பி நேராகும்.
கீழே தரை இருக்கிறது, கால் இருக்கிறது,
இரண்டுக்கும் நடுவே பேச்சுவார்த்தை இல்லை.
நடப்பது தண்ணீர் பட்ட பாடு என்றிருந்தவளுக்குத்
தண்ணீரே தண்ணி காட்டியது.

பக்கத்துக் கம்பியில் பிரோனே, புது முழங்கால்காரி,
பீட்ரூட் சூப்பில் வெந்தயக்கீரை எப்போது போடுவது என்று
யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருப்பாள்.
லாரி ஓட்டிய அல்கிமன்தஸ்
இல்லாத சைக்கிளை நீருக்குள் மிதித்தபடி
நேற்றைய கூடைப்பந்து நடுவரைத் திட்டுவார்.
சன்னலுக்கு அப்பால்
காயலின் மேல் துறைமுகத்தின் இரும்புக் கழுத்துகள்.
இடமிருந்து மூன்றாவது என்னுடையது.
யாரோ ஏறி
என் இருக்கையின் உயரத்தை மாற்றியிருப்பார்கள்.

வாரத்துக்கு ஒரு சாண்
ஆழம் குறைந்த பக்கம் நகர்த்தினான் வைடோதஸ்.
நீர் கொடுத்த கடனை
விலா விலாவாகத் திரும்ப வாங்கிக்கொண்டது.
முன்னே பத்து அடி, பக்கவாட்டில் பத்து,
பின்னால் நடக்கையில்
நீர் முதுகில் கைவைத்துத் தள்ளியது,
பேருந்தில் பின்னால் நிற்கும் அவசரக்காரரைப் போல.
மே மாதம் ஒரு புதன்கிழமை ஒன்றுமே நடக்கவில்லை.
அடுத்த புதனும்.
உடைமாற்றும் அறையில் ஈரத் துண்டோடு
அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூனில், நாற்காலி வேண்டாம் என்றேன்.
ஆறு படிகள்.
முதல் படியில் தோள் வெளியே வந்தது, கனத்தது.
இரண்டில் மார்பு.
மூன்றில் தட்டுத் தடுமாறி நின்றேன்,
ஈயம் ஊற்றியதுபோல் இடுப்பு.
கம்பியைப் பிடித்த கை வெளுத்தது.
நாலு. ஐந்து.
ஆறாவதில், நீர் சொட்டச் சொட்ட,
அறுபத்து நான்கு கிலோவும் என்மேல் வந்து உட்கார்ந்தது,
ஒரு கிராம் குறையாமல்.
கம்பி நேரானது.

கீழே நீருக்குள் நின்ற வைடோதஸ் கத்தினான்:
"பொத்தானுக்கு ஆள் இல்லை, டாங்குவோலே!"
நாற்காலியில் அல்கிமன்தஸ், கண்ணை இறுக்க மூடியபடி.
ரிமோட்டை எடுத்தேன்.
அவன் விரல் கீழே பார்த்து வட்டமிட்டது.
இறக்கினேன்.
நீர் தொட்டதே தெரியவில்லை என்றார் பெரியவர்,
கண்ணைத் திறந்து.

நாற்காலி ஆடவில்லை.
என் இடது கால்தான் கொஞ்சம் ஆடியது.
யாரிடமும் சொல்லவில்லை.