எலியரசிக்கு இரண்டு நாள்

எத்தனை நாள் போடட்டும் என்றார்
டாக்டர் நஞ்சுண்டசாமி,
கடையில் எத்தனை கிலோ என்று கேட்கிற மாதிரி.
ரெண்டு, என்றேன்.
மூன்று கேட்டிருக்கலாம்.
வாய் வரவில்லை.

பொம்மனஹள்ளியில்
பேக்கரிக்கு மேலே கிளினிக்.
பன் வேகும் வாசனையில்
சுற்றுகிற தலை இன்னும் கொஞ்சம் சுற்றியது.
ரப்பர் ஸ்டாம்பில் மை காய்ந்திருந்தது.
வாயருகே கொண்டுபோய்
ஹா, ஹா என்று ஊதினார்.
என் மூச்சைக் கேட்ட நேரத்தைவிட
ஸ்டாம்புக்கு விட்ட மூச்சு நீளம்.

இரண்டு தாள் தந்தார்.
லீவுக்கு ஒன்று, ரத்தம் பார்க்க ஒன்று.
லீவுத் தாளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு
டிபன் பையின் உள் ஜிப்பில் வைத்தேன்.
மற்றதைப் பூஜ்ஜிய ரூபாய் பஸ் டிக்கெட்டோடு
கையில் மடித்துப் பிடித்திருந்தேன்.
இறங்கும்போது இரண்டில் ஒன்றுதான் இருந்தது,
அது டிக்கெட்.

இன்றும் நாளையும் இவருக்குக் காய்ச்சல்.
நாளை மறுநாள் வேலைக்குத் தகுதியாக இருப்பார்.
ஜாதகம் பார்க்கிறவர்கூட
இவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை எனக்கு.
காய்ச்சல் என்று எழுதச் சொன்னது நான்தான்.
தலைசுற்றல் என்றால்
ஹெச்.ஆரில் கண் வயிற்றுக்குப் போகும்.

மூன்றாம் நாள் லவீனா மேடம்
ஐடி கார்டையும் தாளையும்
ஒட்டி வைத்துப் பார்த்தார்.
கார்டில் எழிலரசி.
தாளில் ழ இருக்க வேண்டிய இடத்தில்
ஒற்றை எல்.
யார் இது?
எங்கள் ஆட்களிலேயே பாதிப் பேருக்கு வராத எழுத்து மேடம்,
என்று சொல்லவில்லை.

செக்கிங் டேபிளில் சகாயமேரி பிடுங்கிப் படித்தாள்.
எலில... எலியரசி!
காலர் தைக்கிற வரிசைவரை சிரிப்பு.
நானும் சிரித்தேன்,
மேஜையைப் பிடித்துக்கொண்டு.

திருத்திக் கையெழுத்து வாங்கி வா,
இல்லை, ரெண்டு நாளும் கட்.
கிளினிக் ஏழு மணிக்கு மூடும்.
ஷிஃப்டும் ஏழுக்குத்தான் விடும்.
அரைநாள் பெர்மிஷன் கேட்டால்
காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது ஃபாரத்தில்.

எலியரசி
இரண்டு நாளும் நன்றாகத் தூங்கியிருப்பாள்.
நான் தண்ணீர் லாரிக்குக் குடம் தூக்கினேன்,
மாமியாரின் புடவைகளைத் துவைத்தேன்,
குடத்தோடு படியில் ஒருமுறை உட்கார்ந்தேன்,
எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.
சொன்ன தேதியில் குணமானதும் அவள்தான்.

ரத்தத்துக்குத் தந்த தாளில்
என் பெயரை எப்படி எழுதியிருந்தார்?
பார்க்கவே இல்லை.