பத்தி ஒன்பது

மாவட்டத்திலிருந்து வந்த படிவத்தில்
ஒன்பதாம் பத்திக்கு நான்கே கோடுகள்.
"தேர்தல் அலுவலகம் அமைப்பதிலும் நடத்துவதிலும்
சந்தித்த இடர்ப்பாடுகள்."
பொழுதோட அனுப்பியாக வேண்டும்.

பெட்டிகளிலிருந்து தொடங்குகிறேன்.
சிமெண்டு குடோனில் எட்டு வருடம் கிடந்தவை.
மூடியது திறக்கவில்லை. திறந்தது மூடவில்லை.
காங்கயம் ரோட்டுச் செக்கில்
ஒரு லிட்டர் தேங்காயெண்ணெய் வாங்கி
காவலாளி மயில்ராசு ஒவ்வொரு கீலுக்கும்
குழந்தைக்குத் தலையில் வைப்பதுபோல் வைத்தார்.
எண்ணெய்க்கு ரசீது இல்லை.

பசை நூற்றி நாற்பது பாட்டில் கேட்டோம்,
நாற்பது வந்தது.
மைதா காய்ச்சி ஒட்டிய பட்டியலை
ராத்திரி எலி வந்து பார்த்தது.
உயிரோடிருக்கும் பழனியப்பன்கள் பதினோரு பேரையும் தின்றுவிட்டு
செத்தும் நீக்கப்படாத செங்கோடனை மட்டும்
சுவரில் விட்டிருந்தது.

பணி ஆணை இருநூற்றுப் பத்து.
அதில் எழுபத்தெட்டுப் பேருக்கு முழங்கால் வலி,
ஒரே டாக்டர், ஒரே பேனா.
நிஜமாகவே நொண்டிக்கொண்டு வந்த
ஒரு கணக்கு வாத்தியார் மட்டும்
"எங்கியாச்சும் போடுங்க சார்,
ஊட்டுல இருக்க முடியல" என்றார்.

கட்டில் சின்னத்துக்காரர்
மாதிரிச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து
தன் கட்டிலுக்கு மூன்று கால்தான் என்று
இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.
நான்காவது கால் பின்னால் இருக்குதுங்க என்றேன்.
நம்பவில்லை.

இன்னொன்று இருக்கிறது.
எழுதுவதா என்று தெரியவில்லை.

மனுத்தாக்கல் கடைசி நாள், ஐந்து மணியோடு முடிவு.
தட்டாங்காட்டுவலசு ஊராட்சித் தலைவர்,
எஸ்.சி. பெண்களுக்கு என்று முதல்முறையாக வந்தது.
அதுவரை ஒரே ஒரு மனு.
தோட்டத்துக்காரர் தன் காரில் கூட்டிவந்த வள்ளியாள்
பேர் கேட்டபோது அவரைத் திரும்பிப் பார்த்தார்.
பேரை அவரே சொன்னார்.

அப்புறம் ஒரு மொபெட்டின் பின்னாலிருந்து
அங்காத்தாள் இறங்கினார்.
தேங்காய்க் களத்தில் பருப்பு எடுக்கிறவர்.
வரிபாக்கி இல்லையென்ற சான்றுக்கு
ஊராட்சிச் செயலரைத் தேடி
முத்தூரில் ஒரு சீர் வீட்டுப் பந்திவரை போயிருக்கிறார்.
கையெழுத்தின் மேல் ரசம் சிந்தியிருந்தது.

எங்கள் சுவர்க்கடிகாரம் ஐந்து மணி நான்கு நிமிடம்.
"என்ற செல்லுல நாலு அம்பத்தெட்டுதானுங்க."
மேடம் சுவரைப் பார்த்தார்.
மயில்ராசு தன் செருப்பைப் பார்த்தார்.
ஆபீஸ் கடிகாரம்தான் கணக்கு என்று
சொன்னது நான்.

அவர் சத்தம் போடவில்லை.
செல்லை ஒருமுறை என் பக்கமும்
ஒருமுறை கடிகாரத்தின் பக்கமும் காட்டினார்,
அவை இரண்டும்
பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்பதுபோல.
அதற்குள் நிஜமாகவே ஐந்தாகிவிட்டது.

அந்த ஆறு நிமிடம்
போன ஆடியில் ஸ்டூல் போட்டு ஏறி
நானே முள்ளைத் திருகி வைத்தது.
ஐந்தே முக்காலுக்கு தாராபுரம் பஸ்.
ஆபீசில் எல்லோருக்கும் தெரியும்,
எப்போதும் கழித்துத்தான் பார்ப்போம்.

வாக்குப்பதிவன்று தட்டாங்காட்டுவலசில்
ஆளுக்கு மூன்றே சீட்டு.
வெள்ளை, பச்சை, மஞ்சள்.
"ரோஸ் எங்கீங்க?" என்று வரிசையில் யாரோ கேட்டார்கள்.
போட்டியில்லீங்க என்றார்கள் பூத்தில்.
அங்காத்தாளும் மூன்றையும் போட்டார்,
தேங்காய் நார் ஏறிய விரலில் மை பிடிக்காமல்
இரண்டுதரம் வைத்தார்களாம்.

எண்ணெய்.
பசை.
முழங்கால்.
நான்காவது கோட்டில் 'மின்தடை' என்று எழுதுகிறேன்.
கரண்ட் ஒருநாளும் போகவில்லை.

சுவரில் ஐந்து நாற்பத்தாறு.
பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.