ஏழாவது பொருள், பதினைந்து நிமிடம்

குறிப்பெடுப்பது என் வேலை.
மணிக்கு இவ்வளவு என்று கூலி,
கடல்விமானச் செலவு தனி.
யார் வென்றாலும் எனக்கு ஒரே எழுத்துரு.

மார்ச் மழை.
சமூகக் கூடத்தின் தகரக் கூரையில்
அது பேசுவதைத் தாண்டித்தான்
மற்றவர்கள் பேச வேண்டியிருந்தது.

மீன்வளத் துறையிலிருந்து தலைவரோடு நான்கு பேர்.
ஹெயில்ட்சுக் மக்கள் பதினொருவர்,
ஈரக் காலணிகளை வாசலில் விட்டு
கம்பளிக் காலுறையோடு வந்தவர்கள்.
நிரலில் அவர்களுக்கு ஏழாவது இடம்:
"பாரம்பரிய அறிவு, 15 நிமிடம்."
எட்டாவது, மதிய உணவு.

ஆறாவது முடிகிறபாடாக இல்லை.
லிண்ட்க்விஸ்ட் திரையில் ஒரு வளைகோட்டை ஏற்றினார்.
அழகான கோடு, குறை சொல்ல மாட்டேன்;
இருபது வருடக் கணக்கு அதில் மடங்கியிருந்தது.
ஹெர்ரிங் முட்டையிட இன்னும் ஒன்பது நாள்.
வலைப்படகுகளுக்கு எட்டாம் நாள் அனுமதி.
இத்தனை டன், கூடக்குறைய இவ்வளவு.

வெர்னா கையை உயர்த்தினாள்.
"போன வாரம் கடல்சிங்கங்கள் பாறை மாறினதே,
அது உங்கள் கோட்டில் எங்கே இருக்கிறது?"
யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.
"அது ஏழாவதில் வரும்" என்றார் தலைவர்.
எழுதினேன்: வினா, பின்னர் எடுத்துக்கொள்ளப்படும்.

அவளுக்கு நாற்பது வயது இருக்கும்.
டீசல் மணக்கும் மேற்சட்டை.
முன்னால் ஒரு நோட்டு, உறையில் உப்புப் பூத்திருந்தது.
எஞ்சின் எண்ணெய் மாற்றிய தேதிகளுக்கு நடுவே
தண்ணீரின் குளிர்,
கடற்காக்கை கூட்டமாய் இறங்கிய முனை,
ஹெம்லாக் கிளையை எந்த ஆழத்தில் இறக்கினார்கள்,
எந்த ஆண்டு 'போதும்' என்று
பாதியிலேயே தூக்கினார்கள்.

"இதைத் தரவாக ஏற்க ஒரு படிவம் இருக்கிறது" என்று
துறையின் இளைஞன் நல்ல மனத்தோடுதான் சொன்னான்.
படிவத்தில் 'அலகு' என்றொரு கட்டம்.
'போதும்' என்பதற்கு என்ன அலகு, என்று அவள் கேட்க
அவன் நிஜமாகவே யோசித்தான்.
யோசனையைக் குறிப்பில் சேர்க்க வழியில்லை.

பதினொன்று நாற்பதுக்கு
லெராயின் வாக்கி-டாக்கி கரகரத்தது.
ஒரு பெண்குரல். அவர்கள் மொழியில் ஒரே சொல்.
எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது.
பதினொரு நாற்காலிகள் பின்னுக்கு இழுபட்டன.
யாரும் கதவை அறையவில்லை.
ஒருவர் தன் காப்பிக் கோப்பையைக்
கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

வெர்னா மட்டும் வாசலில் நின்று
"முட்டை போடுது. படகில் நாலு பேருக்கு இடம் இருக்கு" என்றாள்.
தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
லிண்ட்க்விஸ்ட் ஜன்னலைப் பார்த்தார்.
படகுத்துறைக்கு அப்பால், கரும்பச்சைத் தண்ணீரில்
பால் கொட்டினாற்போல் ஒரு வெளுப்பு
கரையோரமாய் ஊர்ந்துகொண்டிருந்தது.
இளைஞன் அதற்குள் வெளியே.
இன்னொருத்தியும் குடையைத் தேடாமல் போனாள்.
லிண்ட்க்விஸ்ட் திரையை அணைக்க மறந்து
தன் காலணியைத் தேடினார்.

மிஞ்சியது தலைவர், நான், ஒரு ப்ரொஜெக்டர்.
அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன்:
"ஏழாவது பொருள், பங்கேற்பாளர்கள் இல்லாததால்
விவாதிக்கப்படவில்லை. ஆறாவது ஏற்கப்பட்டது."

யார் கை தூக்கினார்கள் என்று கேட்டேன்.
குறிப்பெடுப்பவர் கேட்பதில்லை என்றார். சரிதான்.
படிக்காமல் கையெழுத்திட்டு
மூன்று மணி விமானத்துக்குக் கிளம்பினார்.

லிண்ட்க்விஸ்ட் திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது.
இடுப்புவரை நனைந்திருந்தார்.
கையில் ஒரு ஹெம்லாக் கொப்பு,
ஊசியிலைகளில் ஒரே அடுக்காய் முட்டைகள்.
இரண்டு எனக்குத் தந்தார். பல்லில் நறுக்கென்றன. உப்பு.
"ஆறாவதை மறுபடி திறக்க முடியுமா?"

விதி எனக்குத் தெரியாது.
மூன்றாம் பக்கத்தை அவர் பக்கம் திருப்பினேன்.
வருகைப் பதிவின் கீழே,
கையெழுத்தான தாளில், அதே எழுத்துருவில்:
11.40. கடல் வெளுத்தது.
தெரிந்தவர்கள் எழுந்து போனார்கள்.

அவர் அதை இரண்டு முறை படித்தார்.
வெளியே, விளக்கைக் கட்டிக்கொண்டு,
இன்னும் கிளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.