பத்து சென்டிமீட்டர் தண்ணீர்

சவுனாக் கூரையில் பனி தள்ள ஏறியவள்
பனியோடு சேர்ந்தே இறங்கினேன்.
ஆறு, ஏழு, எட்டு. இடப்பக்கம்.
எக்ஸ்ரேயில் பார்த்தால்
பென்சில் நுனி பட்ட கோடுகள்,
இவ்வளவுக்கா இந்தப் பாடு என்றிருந்தது.
விலாவுக்கு மாவுக்கட்டு கிடையாதாம்.
மூச்சுதான் மருந்து.
மூச்சுதான் வலியும்.

கயானி மருத்துவமனையின் பிசியோ பெண், பின்யா,
பையிலிருந்து எடுத்து வைத்தாள்
ஒரு காலி ஜூஸ் பாட்டில்,
இரண்டு முழம் ரப்பர் குழாய்.
தண்ணீர் ஊற்றி ஸ்கேல் வைத்து அளந்தாள்:
சரியாகப் பத்து சென்டிமீட்டர்.
"ஊதுங்கள். குமிழி வரணும்.
பத்துத் தடவை, மூன்று சுற்று,
விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும்."

முப்பத்தோரு வருடம் தபால் சுமந்தவள் நான்.
மைனஸ் முப்பதில் சைக்கிள் மிதித்தவள்.
பால் டம்ளரில் பிள்ளைகள் செய்யும் சேட்டையைச்
செய்யச் சொல்கிறாள்.
நான்காவது குமிழியில்
கண்ணில் பத்து சென்டிமீட்டர்.

"ஊதாவிட்டால் நுரையீரலின் அடித்தளம்
பூட்டிய அறையாகிவிடும், இர்மெலி.
சளி குடியேறும்."
உள்ளே விட்டால் காலி செய்யாத ஆட்களை
எனக்குத் தெரியும்.

இருமல் வந்தால் தலையணையை
நெஞ்சோடு அணைக்க வேண்டும்.
தனியாகி ஒன்பது வருடம் கழித்து
எதையாவது இவ்வளவு இறுக்கமாக…
சரி, அதை விடுங்கள்.
தும்மலுக்குப் பயந்து
மிளகு டப்பாவை மேல்தட்டில் வைக்கச் சொன்னேன்.
இப்போது கை தூக்க முடியவில்லை.
ஒரு வாரமாக மிளகில்லாத சூப்.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று உண்டு.
ஆமோதிக்கும்போது 'யோ' என்போம்,
காற்றை வெளியே விடாமல்
உள்ளே இழுத்தபடி.
கதவிடுக்கில் குளிர் நுழைகிற மாதிரி ஓர் ஓசை.
மூச்சுக்கு முந்நூறு தடவை அப்படிச் சொல்லியே
அப்பாவின் படகைக் கொடுத்தேன்,
படகுத்துறையைக் கொடுத்தேன்,
அம்மாவின் கடிகாரம் எப்போது போனது என்று
நினைவில்லை.

வியாழக்கிழமை தம்பி கவுக்கோவின் போன்.
ஏரிக்கரை வீட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டானாம்,
எஸ்போக்காரன், முழுப் பணமும் உடனே.
"உன் கையெழுத்துதான் பாக்கி. சரிதானே?"

வழக்கம்போல் இழுத்தேன்.
ஏழாவது எலும்பு
தாழ்ப்பாளாய்க் குறுக்கே விழுந்தது.
பாதி 'யோ' பல்லிடுக்கில் நின்றுவிட்டது.
"என்ன?" என்றான்.

உள்ளே எடுக்க வழியில்லை.
வெளியே விட மட்டும் கொஞ்சம் இருந்தது.
அந்தக் கொஞ்சத்தில் எந்தச் சொல் ஏறுமோ
அதுதான் ஏறியது:
'எய்.'
மாட்டேன் என்பதற்கு எங்கள் சொல்.
அம்பை விடுவது போலத்தான் விட்டேன்,
குறி பார்க்கவில்லை.
ஒரே ஒரு குமிழிக்குண்டான காற்று.

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும்.
ஆழமாக, முழுசாக, வலியே இல்லாமல்
இழுத்து இழுத்து விடுகிறான்.
பொறாமையாக இருந்தது.
"மருந்து மயக்கமா?"
"வெறும் பாராசிட்டமால்."

ஆறாவது வாரம் பின்யா கேட்டாள்,
"இப்போது தேவலையா?"
"யோ" என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது,
அடித்தளம் வரை
குளிர்ந்த காற்று போய் வந்திருந்தது.
எங்கும் குத்தவில்லை.
அவள் குறிப்பேட்டில் எதையோ டிக் செய்தாள்.

எலும்பு கூடிவிட்டது. அதுதான் கவலை.
ஞாயிற்றுக்கிழமை கவுக்கோ வருகிறான்,
நேரில் பேச, கேக்கோடு.
பாட்டிலைக் கழுவி
மேஜை நடுவில் வைத்திருக்கிறேன்,
குழாயோடு.
தண்ணீரை ஸ்கேல் வைத்து அளந்தேன்.
அவன் பேசப் பேச
நான் ஊதிக்கொண்டிருப்பதாக உத்தேசம்.